விலை கூடிய பர்பன்: காரைக்குடிக்குக் கொண்டுவரும் பாட்டில் காசுக்குத் தகுமா?

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ திருச்சிக்கு விமானம் ஏறப்போகிறீர்கள். அம்மானுக்கு ஒன்று, அயித்தானுக்கு ஒன்று என்று இரண்டு நல்ல பாட்டில் வேண்டும். இத்தனை வருடம் ஸ்காட்ச் வாங்கியாயிற்று, இந்த முறை அமெரிக்க விஸ்கியான பர்பன் வாங்கிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. கடைத் தட்டில் 30 அமெரிக்க டாலருக்கு ஒன்று, 70க்கு ஒன்று, 200க்கு ஒன்று நிற்கிறது. மூன்றும் ஏறக்குறைய ஒரே நிறம். எதற்காக 70 கொடுக்கலாம், எதற்காக 200 கொடுக்கக் கூடாது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

பர்பனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் மூன்று இடத்துக்குப் போகிறது. ஒன்று, மரப் பீப்பாயில் கிடந்த காலம். இரண்டு, தண்ணீர் சேர்த்துக் குறைக்காத வீரியம். மூன்று, எளிதில் கிடைக்காது என்ற பெயர். முதல் இரண்டும் நாக்கில் தெரியும். மூன்றாவது தெரியாது. முதல் இரண்டுக்குத் தாராளமாகக் கொடுங்கள், மூன்றாவதுக்குக் கொடுக்காதீர்கள்.

எது பர்பன்?

சட்டமே இதை எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் செய்திருக்க வேண்டும். 1964இல் அந்நாட்டுக் காங்கிரஸ் பர்பனைத் தங்கள் நாட்டுக்கே உரிய பொருள் என்று அறிவித்தது. பெரும்பகுதி கென்டக்கியில் வடிக்கப்பட்டாலும் வேறு மாநிலத்தில் வடித்ததும் பர்பன்தான். தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5ஐத் தாண்டக் கூடாது. பாட்டிலில் 40க்குக் குறையக் கூடாது. பீப்பாய் புதிய ஓக் மரத்தில் செய்து உட்புறம் தீயில் கருக்கியதாக இருக்க வேண்டும். நிறமோ வாசனையோ சேர்க்கவே கூடாது.

கடைசி விதி வாங்குபவருக்குப் பெரிய பாதுகாப்பு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பெட்டி வாங்கியவர்களுக்குத் தெரியும், புது மரத்துக்குச் சாயம் பூசிப் பர்மாத் தேக்கு என்று விற்க முடியும். ஸ்காட்ச்சில் கருக்கிய சர்க்கரை நிறம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. பர்பனில் முடியாது. கண்ணில் படும் செம்பழுப்பு முழுவதும் மரம் கொடுத்தது. பீப்பாய் ஒருமுறை மட்டுமே பர்பனுக்குப் பயன்படும் என்பதால், காலியானவை ஸ்காட்லாந்துக்கும், நம் நாட்டில் விஸ்கி செய்யும் பெங்களூரு அம்ருத்துக்கும், கோவாவின் பால் ஜானுக்கும் போய்ச் சேர்கின்றன. அவர்களுக்குக் கிடைப்பது இரண்டாம் சாறு. பர்பன் குடிப்பவருக்குக் கிடைப்பது முதல் சாறு.

முதலில் உங்கள் நாக்கை அறியுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் பாட்டிலையே 100 டாலருக்கு வாங்குவது. ஒப்பிட ஒன்றும் இல்லாமல் குடித்தால் நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாது. விலை கூடியதைத் தொடுமுன் மூன்று அடிப்படைப் பாட்டில்களைச் சுவைத்துவிடுங்கள். முழுப் பாட்டில் வாங்க வேண்டியதில்லை, வெளியூரில் நல்ல பாரில் 30 மில்லி வீதம் கேட்டால் போதும்.

மேக்கர்ஸ் மார்க், 45 சதவீதம். இதில் மக்காச்சோளத்தோடு வழக்கமாகச் சேர்க்கும் ரை தானியத்துக்குப் பதிலாகக் கோதுமை சேர்க்கிறார்கள். மிருதுவாக, வெல்லப்பாகும் ரொட்டியும் கலந்த மாதிரி இறங்கும். அடுத்து பஃபலோ ட்ரேஸ், 45 சதவீதம். ரை குறைவு, வெண்ணிலாவும் இனிப்பும் முன்னால் நிற்கும். மூன்றாவது வைல்ட் டர்க்கி 101, 50.5 சதவீதம். மிளகும் பட்டையும் தெரியும், தொண்டையில் சூடு நிற்கும்.

செட்டிநாட்டுச் சமையலறையில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எல்லாம் தனித்தனியே தெரிந்த மூக்கு அது. ரை கூடிய பர்பனில் கிராம்பும் மிளகும் மேலே வரும். பழைய பீப்பாய்க் கிடங்கின் வாசம் ஏறியதில் கல்பாசியை வறுக்கும்போது எழும் மண்வாசம் போல ஒன்று அடியில் இருக்கும். மக்காச்சோளமும் கருக்கிய மரமும் சேர்ந்து தருவது கருப்பட்டிப் பாகு. புத்தகத்தில் இருக்கும் மேப்பிள் சிரப், பெக்கான் கொட்டை என்று தேடாமல் உங்கள் அஞ்சறைப் பெட்டியின் பெயர்களையே எழுதிவையுங்கள். அடுத்த பாட்டில் வாங்கும்போது அந்தக் குறிப்புதான் உதவும்.

மூன்றையும் யாராவது ஒருவர் ஊற்றி, தம்ளரின் அடியில் எண் எழுதித் தரட்டும். எது எது என்று தெரியாமல் குடியுங்கள். பிடித்தது கோதுமையா, ரையா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கோதுமைதான் பிடிக்கிறது என்பவருக்கு 80 டாலர் ரை பர்பன் வீண் செலவு.

லேபிளைப் படிக்கும் வரிசை

பாட்டிலின் உருவத்தையும் குதிரைப் பொம்மை மூடியையும் பார்ப்பதற்கு முன் கீழே சொல்வதைப் பாருங்கள். இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பணம் மிச்சமாவது இங்கேதான்.

முதலில் ஸ்ட்ரெய்ட் என்ற சொல். இருந்தால் குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் கிடந்தது என்று பொருள். 4 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் வயதை எழுதியே ஆக வேண்டும். ஆகவே ஸ்ட்ரெய்ட் என்று போட்டு வயது எழுதாமல் விட்டிருந்தால் குறைந்தது 4 ஆண்டு என்று கொள்ளலாம். எழுதியிருக்கும் வயது, கலவையில் மிக இளைய பீப்பாயின் வயது.

அடுத்து பாட்டில்ட் இன் பாண்ட். 1897ஆம் ஆண்டுச் சட்டம் இது. ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசு மேற்பார்வைக் கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு, சரியாக 50 சதவீத ஆல்கஹால். அந்தக் காலத்தில் புகையிலைச் சாறும் சாயமும் கலந்து விற்ற வியாபாரிகளிடமிருந்து மக்களைக் காக்க வந்தது. இன்றைக்கும் விலைக்கேற்ற சரக்கு வேண்டுமென்றால் இந்த முத்திரையைத் தேடுவது நல்ல பழக்கம்.

மூன்றாவது, யார் வடித்தது. பின்பக்கச் சிறிய எழுத்தில் இருக்கும். வடித்தது இன்னார் என்று தெளிவாக எழுதியிருந்தால் அது அவர்கள் சொந்தச் சரக்கு. பாட்டிலில் அடைத்தது, தயாரித்தது என்று மட்டும் இருந்தால் வேறிடத்தில் வாங்கியதாக இருக்கக்கூடும். இந்தியானா மாநிலம் லாரன்ஸ்பர்க்கில் உள்ள பெரிய வடிசாலை பல பிராண்டுகளுக்குச் சரக்கு கொடுக்கிறது. அங்கே வடிப்பது நல்ல சரக்குதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்பக்கத்தில் தாத்தா காலத்துக் கதையும் பின்பக்கத்தில் இந்தியானா முகவரியும் இருந்தால், கதைக்காக 30 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

நான்காவது, ஸ்மால் பேட்ச். இதற்குச் சட்டத்தில் பொருளே கிடையாது. பத்துப் பீப்பாயும் ஸ்மால் பேட்ச்தான், இருநூறு பீப்பாயும் ஸ்மால் பேட்ச்தான். இந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்காதீர்கள். சிங்கிள் பேரல் வேறு. ஒரே பீப்பாயிலிருந்து இறக்கியது. பீப்பாய்க்குப் பீப்பாய் சுவை மாறும் என்பதால் போன முறை வாங்கியது போலவே இம்முறையும் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஐந்தாவது, ஆல்கஹால் அளவு. அமெரிக்கக் கணக்கில் ப்ரூஃப் என்பது சதவீதத்தின் இருமடங்கு. 100 ப்ரூஃப் என்றால் 50 சதவீதம். நம் ஊர்ப் பாட்டிலில் 75 டிகிரி ப்ரூஃப் என்று பார்த்திருப்பீர்கள், அது பழைய பிரிட்டிஷ் கணக்கு, 42.8 சதவீதம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, பர்பன் 101 என்றால் வயிற்றைச் சுட்டுவிடும் என்று பயப்படுபவர்கள் உண்டு.

பேரல் ப்ரூஃப், காஸ்க் ஸ்ட்ரெங்த் என்று இருந்தால் தண்ணீர் சேர்க்காமல் அல்லது மிகச் சிறிதே சேர்த்து அடைத்தது. பெரும்பாலும் 55 முதல் 65 சதவீதம் வரை. இதில் கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. 750 மில்லி, 45 சதவீதம் என்றால் உள்ளே இருப்பது 337.5 மில்லி ஆல்கஹால். அதே பாட்டில் 60 சதவீதம் என்றால் 450 மில்லி. அதாவது 60 டாலர் பேரல் ப்ரூஃப் பாட்டிலும் 45 டாலர் சாதாரணப் பாட்டிலும் ஒரே விலைதான். தண்ணீரை நீங்களே, உங்கள் நாக்குக்கு ஏற்ற அளவில் சேர்த்துக்கொள்கிறீர்கள்.

வயது கூடினால் நல்லதா?

ஸ்காட்ச் வாங்கிப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில், ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாயில் 18 ஆண்டு வைப்பது வேறு. கென்டக்கியில் கோடை கொளுத்தும், பனிக்காலம் உறையும். சாராயம் வெயிலில் மரத்துக்குள் ஏறி, குளிரில் வெளியேறி, கருக்கிய புது ஓக்கை ஒவ்வோர் ஆண்டும் பிழிந்தெடுக்கும். கிடங்கின் மேல்தளத்தில் இது இன்னும் வேகம். ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம் ஆவியாகிப் போகும். அதனால்தான் பழைய பர்பன் விலை ஏறுகிறது. பீப்பாயில் மிஞ்சுவதே கொஞ்சம்.

பெரும்பாலும் 8 முதல் 12 ஆண்டு வரை உள்ளவை நன்றாக அமைகின்றன. 15ஐத் தாண்டினால் மரத்தின் துவர்ப்பு முன்னால் வந்துவிடும். நெல்லிக்காயைக் கடித்த மாதிரி நாக்கின் ஓரம் இழுக்கும். வைரம் பாய்ந்த தேக்குத் தூண் நூறு ஆண்டு நிற்கும், சாராயம் அப்படி நிற்காது. 20 ஆண்டுப் பர்பனில் அருமையானவையும் உண்டு, பலகையைச் சூப்பிய மாதிரி இருப்பவையும் உண்டு. சுவைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாத வரிசை அது.

வயதைக் குறிக்கும் எண் லேபிளிலிருந்து காணாமல் போவதையும் கவனியுங்கள். எலைஜா கிரெய்க் ஸ்மால் பேட்ச்சில் இருந்த 12 ஆண்டுக் குறிப்பு 2016இல் நீங்கியது. அதே ஆண்டு நாப் கிரீக்கும் 9 ஆண்டுக் குறிப்பை எடுத்தது, 2020இல் திரும்பப் போட்டது. மேக்கர்ஸ் மார்க் 2013இல் வீரியத்தை 45லிருந்து 42க்குக் குறைக்கப் பார்த்தது. வாடிக்கையாளர்கள் கொதித்ததும் சில நாளிலேயே பின்வாங்கியது. பழைய நினைவில் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், கையில் இருக்கும் பாட்டிலின் எண்ணைப் படியுங்கள்.

எந்த விலைக்கு எதை எதிர்பார்க்கலாம்

அமெரிக்கச் சில்லறை விலையில் சொல்கிறோம். ஊருக்கு ஊர் மாறும். 30 டாலருக்குள் மேலே சொன்ன அடிப்படைப் பாட்டில்கள். 40 முதல் 80 வரைதான் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் நாக்கில் தெரியும் எல்லை. இதற்குள் ரஸ்ஸல்ஸ் ரிசர்வ் 10 ஆண்டு, 50 சதவீதமுள்ள ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல், மேக்கர்ஸ் மார்க் காஸ்க் ஸ்ட்ரெங்த், 57.5 சதவீதமுள்ள ஓல்டு ஃபாரஸ்டர் 1920, நாப் கிரீக் 12 ஆண்டு, எலைஜா கிரெய்க் பேரல் ப்ரூஃப் எல்லாம் வந்துவிடும். கடைசியாகச் சொன்னது ஆண்டுக்கு மூன்று தவணை வரும். பாட்டிலில் பி523 என்று இருந்தால் அந்த ஆண்டின் இரண்டாம் தவணை, 5ஆம் மாதம், 2023. தவணைக்குத் தவணை வயதும் வீரியமும் மாறும், வாங்குமுன் எண்ணைப் பாருங்கள்.

ஒரே ஒரு பாட்டில்தான், யோசனை சொல்லுங்கள் என்றால்: இனிப்பும் மிருதுவும் விரும்புபவருக்கு மேக்கர்ஸ் மார்க் காஸ்க் ஸ்ட்ரெங்த். காரசாரம் விரும்புபவருக்கு ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல். அதில் ரை 35 சதவீதம். மரத்தின் ஆழம் வேண்டுபவருக்கு நாப் கிரீக் 12. இந்த மூன்றில் பணம் வீணாகாது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம்.

80 முதல் 120 வரை புக்கர்ஸ் போன்றவை. நல்ல சரக்கு, ஆனால் 60 டாலர் பாட்டிலை விட இருமடங்கு நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் பெயருக்கும் தட்டுப்பாட்டுக்கும் கொடுக்கும் விலை. பிளான்டன்ஸ் 1984இல் வந்தது, சிங்கிள் பேரல் என்ற வகையையே பரவலாக்கியது, குடிக்க இனிமையானது, 46.5 சதவீதம். கம்பெனி சொல்லும் விலைக்குக் கிடைத்தால் எடுங்கள். அதே பாட்டிலை இருமடங்கு சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். பாப்பி வான் விங்கிள் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. புதிதாக வருபவர்கள் அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம்.

விமான நிலையத்திலும் வழியிலும்

வரியில்லாக் கடையில் பாட்டில் 1 லிட்டராகவும் இருக்கும், 700 மில்லியாகவும் இருக்கும், அமெரிக்காவில் 750. லிட்டருக்கு மாற்றிப் பார்க்காமல் விலை ஒப்பிடாதீர்கள். 1 லிட்டர் 80 டாலர் என்றால் 700 மில்லி 56 டாலர். அட்டைப் பெட்டி பளபளப்பாக இருந்தால் உள்ளே இருப்பதன் வீரியத்தை இன்னும் கவனமாகப் படியுங்கள். ஒரே பெயரில் 40 சதவீதத்துக்கு ஒன்றும் 50க்கு ஒன்றும் வருவதுண்டு.

இந்தியாவுக்குள் ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக் கூடியது 2 லிட்டர். 1 லிட்டர் பாட்டில் இரண்டு சரி. 750 இரண்டும் சரி. 700 மில்லி மூன்று என்றால் 2.1 லிட்டர் ஆகிவிடும். 100 மில்லிக்காகச் சுங்க மேசையில் நிற்க வேண்டியிருக்கும். 70 சதவீதத்துக்கு மேல் வீரியமுள்ளதை விமானத்தில் ஏற்றவே முடியாது. சில பேரல் ப்ரூஃப் பாட்டில்கள் அந்த எல்லையைத் தொடும். இடையில் விமானம் மாறுகிறீர்கள் என்றால் கடையில் தரும் முத்திரையிட்ட பையை வீடு வந்து சேரும்வரை பிரிக்காதீர்கள், ரசீது அதற்குள்ளேயே இருக்கட்டும். பெட்டியில் வைத்து அனுப்பினால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வேட்டி துண்டுக்கு நடுவில் வையுங்கள்.

ஊரிலேயே வாங்குவதானால் டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் சில வகைகள் கிடைக்கும். 2025 பிப்ரவரியில் பர்பன் மீதான இறக்குமதி வரி 150லிருந்து 100 சதவீதமாகக் குறைந்தது. அப்படியும் மாநில வரிகள் சேர்ந்து விலை கூடித்தான் நிற்கும், வகையும் குறைவு. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு விற்பனை கிடையாது.

தெரிந்தவர் மூலம் கிடைக்கும் அரிய பாட்டில் என்றால் எச்சரிக்கை. காலிப் பாட்டிலில் மலிவுச் சரக்கை நிரப்பி மூடுவது உலகமெங்கும் நடக்கிறது. முத்திரைத் தாளில் பசை வழிந்திருக்கிறதா, கழுத்தில் சரக்கின் மட்டம் அதே வகைப் பாட்டில்களோடு ஒத்திருக்கிறதா, லேபிள் கோணலா என்று பாருங்கள். ரசீது இல்லாத பிளான்டன்ஸை விட ரசீதுள்ள வைல்ட் டர்க்கி மேல்.

திறந்த பிறகு

சித்திரை வெயிலில் செட்டிநாட்டு வீட்டு முகப்பில் வைத்து ஊற்றினால் எந்த நல்ல பர்பனும் மூக்கில் ஆல்கஹாலாகத்தான் ஏறும். 20 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் வாசம் பிரியும். ஏசி அறையில் அரைமணி வைத்துவிட்டு ஊற்றுங்கள். இல்லையென்றால் பெரிய ஐஸ் கட்டி ஒன்று. வாய் குறுகிய சிறிய கண்ணாடிக் குவளை நல்லது. எவர்சில்வர் தம்ளர் வேண்டாம், வாசம் நிற்காது.

ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். முதலில் அப்படியே ஒரு மிடறு. பிறகு தண்ணீர். 62 சதவீதச் சரக்கு 45 மில்லி ஊற்றியிருந்தால் 11 மில்லி தண்ணீர் சேர்த்தால் 50 சதவீதமாகும், 17 மில்லி சேர்த்தால் 45. ஒரு தேக்கரண்டி 5 மில்லி, அதை வைத்து அளந்துகொள்ளுங்கள். உப்பு ஏறிய போர் தண்ணீர் சேர்த்தால் 70 டாலரும் போச்சு. ஆர்.ஓ. தண்ணீர் அல்லது வளவில் பிடித்துச் சுத்தமாகக் காய்ச்சி ஆற்றிய மழைத்தண்ணீர் போதும். வீரியத்தையும் மறக்காதீர்கள். 58 சதவீதத்தில் 45 மில்லி, நம் ஊர் 42.8 சதவீதச் சரக்கில் 60 மில்லிக்குச் சமம். பழக்கதோஷத்தில் 60, 60 என்று ஊற்றினால் கணக்கு தப்பும். குடித்தவர் வண்டி எடுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே சுவைத்துவிடுங்கள். உப்புக்கறியும் மிளகுக் கோழியும் நாக்கில் ஏறிய பிறகு 12 ஆண்டு மரமும் 4 ஆண்டு மரமும் ஒன்றுதான். கறியோடு வேண்டுமென்றால் வைல்ட் டர்க்கி 101ஐ எடுங்கள், அது காரத்துக்கு ஈடு கொடுக்கும். கவுனி அரிசி இனிப்போ ஒரு துண்டு கருப்பட்டியோ விலை கூடிய பாட்டிலுக்கு நன்றாகச் சேரும்.

வாங்கியது தகுமா என்று தெரிந்துகொள்ள, அதையும் 30 டாலர் பாட்டிலையும் பெயர் மறைத்து மூன்று பேருக்குக் கொடுங்கள். வீரியத்தைத் தண்ணீர் சேர்த்துச் சமப்படுத்திய பிறகு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காரமாக இருப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். மூவரில் இருவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் அடுத்த முறை அந்தப் பாட்டில் வேண்டாம்.

மிச்சத்தை நிமிர்த்தியே வையுங்கள். ஒயின் மாதிரி படுக்க வைத்தால் வீரியமான சாராயம் தக்கையை அரித்துவிடும். தக்கை உடைந்து தூள் விழுந்தால், சோப்பு வாசமில்லாத வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டிச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றுங்கள். வெயில் படாத உள்கட்டு அறையின் மர அலமாரி நல்ல இடம். மாடி அறை வேண்டாம். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் உள்ளே காற்று அதிகமாகிச் சில மாதங்களில் சுவை மங்கும். சிறிய பாட்டிலுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் உறவினர்கள் வரும்போது முடித்துவிடுங்கள். காலியானதும் லேபிளைக் கிழித்துவிட்டுப் பழைய பாட்டில்காரரிடம் போடுங்கள். பிளான்டன்ஸ் போன்றதென்றால் மூடியையும் முத்திரைத் தாளையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். போலிச் சரக்கு நிரப்புபவர்கள் தேடுவது அவற்றைத்தான்.